பட்டுப்பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசியாவின் பழைய தரைவழி வணிகத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், மாணவர்களானாலும் பெரியவர்களானாலும், ஏறக்குறைய இதே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மீண்டும் சொல்லாமல் இருப்பதற்காகக் கேள்விகளுக்கு எண் இட்டுள்ளேன்.

1. பட்டுப்பாதை என்றால் சீனாவிலிருந்து ரோம் வரைக்கும் போட்ட ஒரே சாலையா?

இல்லை. அப்படியொரு சாலையை எந்த அரசும் போடவில்லை. பல நூற்றாண்டுகளாக மக்கள் நடந்து பழகிய வழிகளின் தொகுதிக்கு 19ஆம் நூற்றாண்டில் பரவிய பெயர் அது. ஜெர்மானியப் புவியியலாளர் ரிக்டோஃபன் 1877இல் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

சீனத் தலைநகரமாக இருந்த சாங்கானிலிருந்து, அதாவது இன்றைய சியான் நகரிலிருந்து, மேற்கே துன்ஹுவாங் வரை செல்வதற்கு வழி ஏறக்குறைய ஒன்றுதான்; ஒருபுறம் மலையும் மறுபுறம் கோபிப் பாலையும் நெருக்குவதால் வேறு வழிக்கு அங்கே இடமில்லை. துன்ஹுவாங்கைத் தாண்டியதும் தக்லமக்கான் பாலைவனம் குறுக்கிடும். அதைச் சுற்றிக்கொண்டு வடக்கே துர்பான், குச்சா வழியாக ஒரு கிளையும், தெற்கே நியா, கோத்தான் வழியாக மற்றொரு கிளையும் சென்று காஷ்கரில் கூடின. அங்கிருந்து பாமீர் மலைகளைக் கடந்தால் சமர்கண்ட், மெர்வ், ஈரான். தெற்கே திரும்பிக் காரகோரம் கணவாய்களில் இறங்கினால் காஷ்மீரமும் காந்தாரமும். இவற்றுக்கெல்லாம் வடக்கே, புல்வெளி நாடோடிகளின் வழிகள் தனியே ஓடின.

2. ஒரே வியாபாரி சீனாவில் பட்டு வாங்கி ரோமில் போய் விற்றாரா?

அப்படிச் செய்தவர் ஒருவரைக்கூட நமக்குத் தெரியாது. ஒரு வணிகர் தமக்குப் பழகிய இரண்டு மூன்று ஊர்களுக்கிடையே போய்வந்தார். சரக்கு கைமாறிக் கைமாறி நகர்ந்தது. சிரியப் பாலைவனத்துப் பல்மைரா நகரின் கல்லறைகளில், கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை சீனத்தை ஆண்ட ஹான் மரபின் காலத்துச் சீனப் பட்டு கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தத் துணியை நெய்தவருக்குப் பல்மைரா என்றோர் ஊர் இருப்பது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அரசுகளுக்கே மறுமுனை எட்டவில்லை. சீனத் தளபதி பான் சாவ் கி.பி. 97இல் கான் யிங் என்பவரை ரோமுக்குத் தூதராக அனுப்பினார். அவர் இன்றைய ஈரான் பகுதியில் இருந்த பார்த்திய நாட்டைக் கடந்து மேற்குக் கடற்கரை வரை போய்விட்டார். காற்று சாதகமாக வீசினால் மூன்று மாதம், இல்லாவிட்டால் இரண்டு ஆண்டு, ஆகவே மூன்று ஆண்டுக்கான உணவைக் கட்டிக்கொண்டு ஏறுங்கள் என்று அங்கிருந்த மாலுமிகள் பயமுறுத்தவே, அவர் திரும்பிவிட்டார். இடைத்தரகர்களுக்கு இரு முனைகளும் சந்திக்காமல் இருப்பதில்தான் ஆதாயம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இச்செய்தியைப் படிக்க வேண்டும்.

3. முதன்முதலில் வழியைக் கண்டுபிடித்தவர் சாங் சியன்தானே?

பாடநூல்கள் அப்படித்தான் தொடங்கும். கி.மு. 138இல் ஹான் பேரரசர் வூ, தம் வடக்கு எதிரிகளான சியுங்னு நாடோடிகளுக்கு எதிராகத் துணை தேடி, ஏறத்தாழ நூறு பேருடன் சாங் சியனை மேற்கே யுவேசி மக்களிடம் அனுப்பினார். வழியிலேயே சியுங்னுக்களிடம் சிக்கிய அவர் பத்தாண்டு அளவில் அவர்களிடையே வாழ்ந்தார். தப்பித்து யுவேசிகளை அடைந்தபோது, செழிப்பான புதிய நாட்டில் குடியமர்ந்துவிட்ட அவர்களுக்குப் பழைய பகையைத் தீர்த்துக்கொள்ளும் ஆர்வம் போயிருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் தலைநகர் திரும்பியபோது, புறப்பட்ட நூறு பேரில் இருவரே மிஞ்சியிருந்தனர். அவர் தேடிப்போன யுவேசிகளிடமிருந்துதான் பின்னாளில் குஷான அரசு தோன்றியது.

ஆனால் அவருடைய அறிக்கையே அவருக்கு முன்பு வணிகம் நடந்ததற்குச் சாட்சி. இன்றைய ஆப்கானிஸ்தான் பகுதியில் இருந்த பாக்திரியாவின் சந்தையில், சீனத்தின் தென்மேற்கே ஷு நாட்டில் விளைந்த மூங்கில் தடிகளையும் அந்நாட்டுத் துணியையும் அவர் கண்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, இந்தியாவில் வாங்கினோம் என்று வணிகர்கள் சொன்னார்கள். அவர் பிறப்பதற்கும் முன்பு அல்தாய் மலையின் பாசிரிக் கல்லறைகளில் சீனப் பட்டு புதைக்கப்பட்டிருந்தது. சாங் சியன் வழியைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த வழிகளின் மேல் ஓர் அரசின் கவனத்தைத் திருப்பினார். அதன் விளைவும் உடனே தெரிந்தது: உயர்சாதிக் குதிரைகளுக்காக ஹான் படைகள் கி.மு. 104 முதல் 101 வரை ஃபெர்கானாவின் மீது போர் தொடுத்தன.

4. பட்டைத் தவிர வேறு என்னதான் போனது? பட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை மரியாதை?

கஸ்தூரி, வாசனைப் பொருள்கள், மருந்துச் சரக்கு, தோல், உலோக வேலைக்குப் பயன்பட்ட நவச்சாரம், கோத்தானின் பச்சைக்கல், கண்ணாடிப் பொருள்கள், குதிரைகள், அடிமைகள் ஆகியவை இருபுறமும் போயின. எடை குறைவாகவும் விலை கூடுதலாகவும் இருப்பவையே நெடுந்தூரம் தாங்கும். தானியம் அடுத்த ஊரைத் தாண்டவில்லை.

பட்டின் மதிப்பைப் புடவைக் கடைக் கண்ணால் பார்த்தால் புரியாது. அது பணம். 7 முதல் 10ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை சீனத்தை ஆண்ட தாங் அரசு மேற்குப் பாலைவனக் காவற்படைகளுக்குச் சம்பளத்தின் பெரும்பகுதியைச் சுருள் சுருளாகப் பட்டில் கொடுத்தது. ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள எளிய பட்டுச் சுருளுக்கு நிலையான மதிப்பு இருந்தது. செப்புக் காசு மூட்டைகளை ஒட்டகத்தில் ஏற்றுவதைவிட அதை ஏற்றுவது எளிது. படைவீரர் அதைக் கொடுத்து உணவும் குதிரையும் வாங்க, அது சந்தைக்கு வந்து வணிகர் கைகளில் மேற்கே நகர்ந்தது. அதற்கும் முன்னால், ஹான் பேரரசர்கள் எல்லையில் அமைதி வேண்டிச் சியுங்னு தலைவர்களுக்கு ஆண்டுதோறும் பட்டு அனுப்பினார்கள். இப்பாதையின் பொருளாதாரத்தைச் சுமந்தவர் துணிச்சல்மிக்க வணிகரைவிட அரசின் சம்பளக் கணக்கர்தான் என்பது என் கருத்து. இதைப் பிடித்துக்கொண்டால், பாதை எப்போது செழித்தது, எப்போது வாடியது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

5. அவ்வளவு பெரிய பாலைவனத்தை எப்படிக் கடந்தார்கள்?

கூடிய மட்டும் கடக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனார்கள். சுற்றிலும் உள்ள பனிமலைகளிலிருந்து உருகிவரும் நீர் மணலில் மறைவதற்கு முன்னால் எங்கெல்லாம் வயல்களுக்குப் பாய்கிறதோ, அங்கெல்லாம் ஒரு சோலை நகரம் இருந்தது. ஒரு நகரிலிருந்து அடுத்த நகருக்குச் சில நாள் பயணம். குளிரையும் வறட்சியையும் ஒருசேரத் தாங்கும் இரட்டைத் திமில் ஒட்டகம் சுமையைச் சுமந்தது. கழுதையும் கோவேறு கழுதையும் குதிரையும் உடன் சென்றன. மேற்கே இஸ்லாமிய நாடுகளில் பின்னாளில் எழுந்த பெரிய சத்திரங்கள், நடுவே முற்றமும் ஒரே வாயிலும் உடையவை, இரவில் விலங்குகளையும் சரக்கையும் உள்ளே வைத்துப் பூட்டுவதற்காகக் கட்டப்பட்டவை.

6. நடுவழியில் ஒருவன் ஏமாற்றிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

நீதிமன்றத்தில். கி.பி. 670 அளவில் நடந்த ஒரு வழக்கின் பதிவு துர்பானில் கிடைத்துள்ளது. சாவ் லுஷான் என்ற சோக்திய வணிகரின் அண்ணன், லி என்ற குடும்பப்பெயருடைய சீன வணிகர் ஒருவருக்கு 275 பட்டுச் சுருள்களைக் கடனாகக் கொடுத்திருந்தார். இருவரும் குச்சாவை நோக்கிப் புறப்பட்டார்கள். இரண்டு ஒட்டகம், நான்கு மாடு, ஒரு கழுதை ஆகியவற்றுடன் கிளம்பிய அண்ணன் குச்சா போய்ச் சேரவே இல்லை. கொள்ளையரிடம் மாண்டாரா, வேறு என்ன ஆயிற்று என்பது தெரியவில்லை. கடன் பத்திரமும் அவரோடு போய்விட்டது.

தம்பி சீன அதிகாரிகளிடம் வழக்குத் தொடுத்தார். கடன் கொடுத்ததைக் கண்ட வேறு சோக்தியர்கள் சாட்சி சொன்னார்கள். பத்திரம் இல்லாதபோதும் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று, உள்நாட்டுக்காரருக்கு எதிராகவும் வெளிநாட்டவருக்குச் சார்பாகவும் தீர்ப்பு ஆனது. வணிகருக்குப் பயண அனுமதிச் சீட்டும் கட்டாயம். உடன் வருவோர், விலங்குகள், போகும் ஊர்கள் எல்லாம் அதில் எழுதப்பட்டுக் காவல் நிலைகளில் சரிபார்க்கப்பட்டன. சட்டமில்லாத வெட்டவெளியில் வாளேந்தி நடந்த வணிகம் என்ற படம் திரைப்படத்துக்குப் பொருந்தும். இந்த ஆவணங்களுக்குப் பொருந்தாது.

7. சோக்தியர் என்கிறீர்களே, யார் அவர்கள்? கேள்விப்பட்டதே இல்லையே?

சமர்கண்ட், புகாரா, பஞ்சிகண்ட் ஆகிய நகரங்களைச் சேர்ந்த, ஈரானிய மொழிக் குடும்பத்து மொழி ஒன்றைப் பேசிய மக்கள். பெரும் பேரரசு எதையும் கட்டாததால்தான் பெயர் தெரியாமல் போனார்கள். ஆனால் 4 முதல் 8ஆம் நூற்றாண்டு வரை இப்பாதையில் வணிகம் என்றாலே அவர்கள்தாம். 7ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் துர்பான் சந்தை வரிக் குறிப்பொன்றில், பெரும்பாலான பதிவுகளில் வாங்கியவரோ விற்றவரோ இருவருமோ சோக்தியர். பாகிஸ்தானின் வடக்கே, சிந்து நதிக்கரையில் உள்ள ஷதியால் பாறைகளில் நூற்றுக்கணக்கான சோக்திய வணிகர்கள் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர்களின் குரல் நேரடியாகக் கேட்பது 1907இல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டெய்ன் துன்ஹுவாங்குக்கு மேற்கே ஒரு காவல் கோபுரத்தின் இடிபாட்டில் கண்டெடுத்த கடிதங்களில். 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதப்பட்டு, ஊர் போய்ச் சேராமல் தபால் பையிலேயே கிடந்தவை அவை. ஒன்றை எழுதியவர் மிவ்னாய் என்ற பெண். கணவர் தம்மையும் மகளையும் துன்ஹுவாங்கில் விட்டுப் போய் மூன்றாண்டு ஆகிவிட்டது, உமக்கு மனைவியாக இருப்பதைவிட ஒரு நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம் என்று எழுதுகிறார். இன்னொரு கடிதம், லோயாங் நகரம் எரிந்ததையும் அங்கிருந்த இந்தியரும் சோக்தியரும் பட்டினியால் மடிந்ததையும் சமர்கண்டில் உள்ள முதலாளிக்குத் தெரிவிக்கிறது. அனுப்பிவைத்த கஸ்தூரியின் கணக்கும் அதே கடிதத்தில் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் சீன நகரத்தில் இந்திய வணிகர் குடியிருந்தனர் என்பதற்கு இவ்வளவு துயரமான சான்று வேறு இருக்காது.

8. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய கடன் வழக்கெல்லாம் எப்படித் தெரிய வந்தது?

பிணத்தின் காலணியிலிருந்து. துர்பானுக்கு அருகே உள்ள அஸ்தானா இடுகாட்டில், இறந்தவருக்கு அணிவிக்கும் செருப்பு, கச்சை, தொப்பி ஆகியவற்றைக் கழித்துப்போட்ட அரசுக் காகிதத்தை வெட்டிச் செய்தார்கள். மழை இல்லாத மண்ணில் அவை மக்கவில்லை. அறிஞர்கள் அந்தக் காலணிகளைப் பிரித்து, துண்டுகளை ஒட்டி வரிக்குறிப்பும் வழக்கும் ஒப்பந்தமும் படித்தார்கள். யாரும் வருங்காலத்துக்கென்று எழுதிவைக்காத காகிதம் என்பதால், அரசவை வரலாறுகளைவிட இவற்றை நான் கூடுதலாக நம்புகிறேன்.

மற்றொரு பெரும் புதையல் துன்ஹுவாங் குகை நூலகம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர் எழுப்பி மூடப்பட்ட சிறிய அறையை, குகைகளைப் பராமரித்துவந்த தாவோ மதத் துறவி வாங் யுவான்லு 1900இல் கண்டார். பல்லாயிரம் சுவடிகள், சீனம், திபெத்தியம், வடமொழி, கோத்தானியம், சோக்தியம், உய்குர், ஓர் எபிரேயத் தாள்கூட. கி.பி. 868 என்று தேதியிட்டு அச்சிடப்பட்ட வஜ்ரச்சேதிகா சூத்திரம் என்ற பௌத்த நூல் அங்கிருந்தே வந்தது. 1907இல் ஸ்டெய்னும் 1908இல் பிரெஞ்சு அறிஞர் பெலியோவும் சிறு தொகை கொடுத்துப் பெரும்பகுதியை லண்டனுக்கும் பாரிசுக்கும் கொண்டுபோனதைச் சீனர்கள் இன்றும் மறக்கவில்லை, மறக்கவும் தேவையில்லை.

9. பௌத்தம் சீனாவுக்குப் போனது வணிகர்கள் மூலமாகவா, பிக்குகள் மூலமாகவா?

வணிகரின் பாதுகாப்பிலும் காசிலும் பிக்குகள் போனார்கள். ஆனால் அதைவிட முக்கியமானது இடையில் குடியேறிய மக்கள். நியா என்ற சோலை ஊரில் 3, 4ஆம் நூற்றாண்டுகளின் மரப்பலகை ஆவணங்களை ஸ்டெய்ன் தோண்டியெடுத்தார். அவை கரோஷ்டி எழுத்தில், காந்தாரப் பிராகிருதத்தில் எழுதப்பட்டவை. வடமேற்கு இந்தியாவின் மொழி தக்லமக்கானின் தென்கரையில் ஆட்சிமொழியாக இருந்திருக்கிறது. அப்பலகைகளின் களிமண் முத்திரை ஒன்றில் கிரேக்கத் தெய்வம் அத்தீனாவின் உருவம்.

குமாரஜீவரின் வாழ்க்கை இந்தக் கலப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. தந்தை இந்தியர், தாய் குச்சா அரச குடும்பத்தவர். சிறுவயதில் தாயோடு காஷ்மீரம் சென்று கற்றார். 384இல் குச்சாவைத் தாக்கிய சீனத் தளபதி லூ குவாங் அவரைச் சிறைப்பிடித்துப் போய்ப் பதினேழு ஆண்டு அளவில் லியாங்சோவில் வைத்திருந்தார். அந்தக் கட்டாயக் காலத்தில் சீன மொழி அவருக்குக் கைவந்திருக்க வேண்டும். 401இல் சாங்கான் வந்தபின் அவர் தலைமையில் உருவான மொழிபெயர்ப்புகளைச் சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் மடங்கள் இன்றும் ஓதுகின்றன. சரக்கு கைமாறும்போது ஒவ்வோர் ஊரிலும் பாதி தங்கிவிடும். கல்வியும் கைத்தொழிலும் அப்படிக் குறைவதில்லை, ஆனால் அவற்றைச் சுமந்தவர்களில் கைதிகளும் அகதிகளும் ஏராளம்.

10. யுவான் சுவாங் காஞ்சிபுரம் வந்தார் என்று படித்தோமே, அதுவும் இந்தப் பாதையில்தானா?

ஆம், அவர் இந்தியாவுக்கு வந்ததும் திரும்பியதும் தரைவழியே. 629 அளவில் அரசின் அனுமதி இல்லாமல் சீனத்தை விட்டுக் கிளம்பினார். துர்பான் சோலையை ஆண்ட மன்னர், வழியிலுள்ள 24 நாடுகளுக்கு அறிமுகக் கடிதமும் ஒவ்வொரு கடிதத்துடனும் கொடுக்க ஒரு பட்டுச் சுருளும் தந்தார். நான்காவது பதிலில் சொன்ன பட்டு இங்கே கடவுச்சீட்டாகவும் வேலை செய்கிறது.

640 அளவில் பல்லவர் தலைநகரான காஞ்சியை அடைந்தார். அங்கிருந்து இலங்கை செல்லும் எண்ணம் இருந்தது. ஆனால் தீவில் பஞ்சமும் குழப்பமும் என்று அங்கிருந்து வந்த பிக்குகள் சொன்னதால் திரும்பிவிட்டார். 645இல் சாங்கான் சேர்ந்தபோது 657 நூல்களைக் கொண்டுவந்தார். சிந்து நதியைக் கடக்கையில் சில சுவடிகள் நீரில் போயின. அவருக்கு இரு நூற்றாண்டு முந்திய பாகியான் இலங்கையில் இரண்டாண்டு தங்கினார் என்றாலும், அவர் வந்தது தரைவழி, திரும்பியது கப்பலில்.

11. அப்படியானால் தமிழர்களும் பட்டுப்பாதை வணிகத்தில் இருந்தார்கள் என்று சொல்லலாமா?

தரைவழியைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லச் சான்று இல்லை. தமிழக வணிகம் கடலோடு இருந்தது, அதுவே பெரிய வணிகம். கோவை, கரூர் வட்டாரங்களில் ரோமானிய நாணயங்கள் குவியலாகக் கிடைக்கின்றன. சீன அகழாய்வுகளிலோ, முற்கால ரோமப் பேரரசின் காசுகள் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பவை பிற்காலப் பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானியத் தங்கக் காசுகளும் அவற்றைப் பார்த்துச் செய்த போலிகளும், அவையும் சில டஜன்களே. ரோமின் தங்கம் கீழை நாடுகளுக்குப் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியது பெரும்பாலும் நம் கடற்கரைகளை நோக்கி வந்த கப்பல்களைப் பற்றித்தான். நம்மிடம் இவ்வளவு இருக்கும்போது, இல்லாத ஒட்டக வரிசையில் போய் நிற்க வேண்டியதில்லை.

12. பௌத்தம் தவிர வேறு மதங்களும் இப்பாதையில் போயினவா?

நிறைய. சிரியாக் மொழியில் வழிபடும் கிழக்குத் திருச்சபை 635இல் அலோபென் என்ற துறவியுடன் சாங்கான் சேர்ந்தது. 781இல் நட்ட கல்வெட்டு ஒன்று அதைச் சீனத்திலும் சிரியாக்கிலும் பதிவு செய்துள்ளது. ஈரானில் பிறந்து ஈரானிலேயே ஒடுக்கப்பட்ட மணிகேயம் 8ஆம் நூற்றாண்டில் உய்குர் அரசின் மதமாயிற்று. சோக்தியர் சொராஸ்திரிய நெருப்புக் கோயில்களைத் தங்களோடு கொண்டுபோனார்கள். பௌத்தக் கோத்தான் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காரகானிய முஸ்லிம் அரசர்களிடம் வீழ்ந்தது. துன்ஹுவாங் அறை மூடப்பட்டதும் ஏறத்தாழ அதே காலம் என்பதால் இரண்டையும் இணைத்துப் பேசுவோர் உண்டு.

13. தாலாஸ் போரில் பிடிபட்ட சீனக் கைதிகள்தான் அரபுக்களுக்குக் காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தார்களா?

கதை கச்சிதமாக இருப்பதே சந்தேகத்துக்குரியது. 751இல் தாலாஸ் நதிக்கரையில் அப்பாசிய அரபு அரசின் படை தாங் படையை வென்றது உண்மை. கைதிகள் மூலம் காகிதம் வந்தது என்று எழுதிவைத்தவர் அதற்கு இருநூற்றைம்பது ஆண்டு பிந்தியவர். பிடிபட்டுப் போய் 762இல் கடல்வழியே ஊர் திரும்பிய தூ ஹுவான், கூஃபா நகரில் சீன நெசவாளரையும் பொற்கொல்லரையும் ஓவியரையும் கண்டதாக எழுதுகிறார். எஞ்சியுள்ள அவருடைய குறிப்புகளில் காகிதம் செய்வோர் இல்லை.

அதோடு ஏழாவது பதிலில் வந்த மிவ்னாயின் கடிதமே காகிதத்தில் எழுதப்பட்டதுதான். பஞ்சிகண்ட் மன்னர் தேவஷ்திச்சின் ஆவணங்களிலும் காகிதம் உண்டு. அவர் 722இல் கொல்லப்பட்டார். போருக்கு வெகுகாலம் முன்னரே மத்திய ஆசியா காகிதத்தை அறிந்திருந்தது. கைதிகளில் ஒருவர் இருவர் அத்தொழில் தெரிந்தவராக இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நாள் போரில் ஒரு தொழில் இடம் மாறுவதில்லை.

14. பட்டுப்புழுவை வெளியே கொண்டுபோனால் மரண தண்டனையாமே? யார்தான் திருடியது?

இரண்டு கதைகள் உண்டு. கோத்தான் மன்னருக்கு மணமுடிக்கப்பட்ட இளவரசி தலையணியில் முட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்தாள் என்பது யுவான் சுவாங் கேட்டெழுதியது. தலையணியைச் சுட்டிக்காட்டும் தோழியோடு அவளைத் தீட்டிய மரப்பலகை கோத்தானுக்கு அருகே தந்தான் ஒயிலிக்கில் கிடைத்தது. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் துறவிகள் சிலர் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனுக்கு முட்டைகளைக் கொண்டுவந்தனர் என்பது அக்காலத்து வரலாற்றாசிரியர் புரொகோபியஸ் எழுதியது. தண்டனை பற்றிய சேதி இத்தகைய கதைகளின் அலங்காரமாகவே எனக்குப் படுகிறது. எப்படிப் போனது என்பது எதுவாயினும், 6ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பட்டு சீனத்தின் தனியுடைமை அல்ல.

15. மார்க்கோ போலோ சீனாவுக்கே போகவில்லை என்கிறார்களே?

பெருஞ்சுவரையும் தேநீரையும் சொல்லவில்லை என்பது அவர்களின் வாதம். இன்று நாம் காணும் செங்கல் சுவர் பெரும்பாலும் மிங் காலத்தது, அதாவது அவருக்குப் பிந்தியது. போலோ 1271இல் வெனிஸை விட்டுப் புறப்பட்டு 1295இல் திரும்பினார். மங்கோலிய இளவரசி ஒருத்தியை ஈரானுக்கு அழைத்துச் சென்ற மூன்று தூதர்களின் பெயர்களை அவர் தருகிறார். அதே மூன்று பெயர்கள் 1290ஆம் ஆண்டுச் சீன அரசு ஆவணம் ஒன்றில் உள்ளன. போகாதவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. தம்மை உயர்ந்த அதிகாரியாகக் காட்டிக்கொண்டது வேறு விஷயம். திரும்பும் வழி கடல். அதனால்தான் காயல் துறைமுகமும் முத்துக் குளிப்பும் அவர் நூலில் வருகின்றன.

16. கொள்ளைநோயும் இந்த வழியாகத்தான் ஐரோப்பாவுக்குப் போனதா?

தொடக்கத்துக்கு ஒரு வலுவான தடயம் கிடைத்துள்ளது. கிர்கிஸ்தானின் இசிக்-குல் ஏரிக்கு அருகே, 12ஆம் பதிலில் சொன்ன திருச்சபையினரின் இடுகாடுகளில், 1338, 1339 என்று தேதியிட்ட கல்லறைகள் வழக்கத்துக்கு மாறாக மிகுதி. சிலவற்றில் கொள்ளைநோயால் இறந்தார் என்றே சிரியாக்கில் பொறித்திருக்கிறது. அங்கே புதைக்கப்பட்டவர்களின் பற்களில் பிளேக் கிருமியின் மரபணு இருப்பதை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கிருந்து கருங்கடல் வரை அது எப்படி நகர்ந்தது என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது.

17. வாஸ்கோ ட காமா கடல்வழியைக் கண்டதும் பட்டுப்பாதை செத்துவிட்டதா?

பாதை அதற்கு முன்பே பலமுறை வாடித் தளிர்த்தது. மிகப் பெரிய அடி 755இல் விழுந்தது: சோக்தியத் தந்தைக்கும் துருக்கியத் தாய்க்கும் பிறந்த தாங் தளபதி ஆன் லுஷான் கலகம் செய்ய, அதை அடக்க மேற்குப் படைகள் திருப்பி அழைக்கப்பட்டன. படை போனதும் பட்டுச் சம்பளம் நின்றது. சம்பளம் நின்றதும் சோலை நகரங்களின் சந்தை சுருங்கிப் பண்டமாற்றுக்குத் திரும்பியது. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் ஒரே குடையின்கீழ் வழிகளைக் கொண்டுவந்தபோது மீண்டும் தளிர்த்தது. 1368இல் சீனத்தில் அவர்கள் ஆட்சி முடிந்ததும் மறுபடி சிதறியது.

1498க்குப் பிறகும் தரை வணிகம் தொடர்ந்தது. முல்தான் வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டில் புகாராவிலும், காஸ்பியன் கடலோரத்து அஸ்த்ராகானிலும் குடியிருந்து துணியும் வட்டியும் வணிகம் செய்தார்கள். மத்திய ஆசியக் குதிரைகள் முகலாயப் படைக்கு ஆயிரக்கணக்கில் வந்தன. வழியின் திசை கிழக்கு மேற்கிலிருந்து வடக்கு தெற்காக மாறியது என்று சொல்வது கூடுதல் பொருத்தம்.

18. இதையெல்லாம் பார்க்க வேண்டுமானால் சீனாவுக்குத்தான் போக வேண்டுமா?

தொடக்கமாக டெல்லி போதும். ஸ்டெய்னின் பயணங்களில் இந்திய அரசின் பணமும் இருந்ததால், அவர் கொண்டுவந்தவற்றில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது. தக்லமக்கானின் தென்கரையில் உள்ள மீரானின் சுவரோவியங்கள், துன்ஹுவாங் பட்டு ஓவியங்கள், அஸ்தானாக் கல்லறைப் பொருள்கள் ஆகியவை தேசிய அருங்காட்சியகத்தின் மத்திய ஆசியப் பிரிவில் உள்ளன. அந்தக் கூடம் திறந்திருக்கிறதா என்று முன்னதாக விசாரித்துக்கொண்டு போவது நல்லது. இளவரசியின் மரப்பலகை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாதையையே காண விரும்புவோர், சாங்கானிலிருந்து தியான்ஷான் வரையிலான பகுதியை யுனெஸ்கோ 2014இல் உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது சீனம், கசகஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் பட்டியலிட்ட 33 இடங்களிலிருந்து தொடங்கலாம்; பஞ்சிகண்டை உள்ளடக்கிய மேற்குப் பகுதி 2023இல் தனியே சேர்க்கப்பட்டது.